டர்போ நூறு ரூபா, வேலை நானூறு ரூபா

வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களும், இரண்டு மூன்று பேரை வைத்துச் சிறிய கராஜ் நடத்துபவர்களும் இப்பத்தியைத் தொடர்ந்து வாசித்து வருகிறார்கள். சொந்தத் தேவைக்கு ஒரு சிறிய கார் வைத்திருக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் பொதுவாக, இவ்வாரம் ஒரேயொரு சாமானைப் பற்றி மாத்திரம் எழுதுகிறேன். அதுதான் டர்போ. குறைந்த செலவில் சிறிய காரின் டர்போவை மாற்றிப் பெரிதாக்குவது எப்படி, அதில் காசு எங்கே போகிறது, எங்கே வீணாகிறது என்பதே விடயம்.

இது இப்போது ஏன் பேசவேண்டியதாயிற்று என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022ஆம் ஆண்டு, 200 ரூபாவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. புதிய வாகனம் கனவாகிப்போனதால் ஆக்கள் கையில் இருந்த பழைய காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் இறக்குமதி திறந்த பிறகும் விடவில்லை. பஞ்சிகாவத்தையில் எங்கள் பக்கத்துக்கு வரும் இளைஞர்களில், "நானா, ஸ்டார்லட்டுக்குப் பெரிய டர்போ ஒண்டு இரிக்கா?" என்று கேட்காதவர் குறைவு.

ஆகவே ஸ்டார்லட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஈ.பீ. 82 இலக்கத்தில் வந்த ஜீ.ரீ. டர்போவும், அதன் பின்னர் 1996 தொடக்கம் 1999 வரை வந்த ஈ.பீ. 91 கிளான்சாவும் ஒரே 4ஈ டர்போ எஞ்சினில் ஓடுபவை. கொள்ளளவு 1331 சீ.சீ. தான். ஆனால் வலு 135 குதிரை. கார் ஒரு தொன்னுக்கும் குறைந்த பாரம். சாதாரண ஸ்டார்லட்டில் இந்த எஞ்சினை ஹாஃப் கட்டாக வாங்கிப் பூட்டியவர்களும் இங்கே நிறையப் பேர். எஞ்சினோடு வரும் டர்போ டொயோட்டாவின் சொந்தத் தயாரிப்பான சீ.ரீ. 9. டேஷ்போர்டில் உள்ள பொத்தானை அமர்த்தினால் 0.4 பார் அமுக்கத்திலும், விட்டால் 0.65 பார் அமுக்கத்திலும் வேலை செய்யும். ரயருக்குக் காற்றடிக்கும்போது நாம் சொல்லும் இறாத்தல் கணக்கில் 0.65 பார் என்பது ஏறத்தாழ 9½ இறாத்தல்.

அமுக்கத்தின் கணக்கு

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சில்லைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சில்லு வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். காற்று கூடினால் அதற்கேற்பப் பெற்றோலும் கூடவேண்டும், இரண்டும் கூடினால் வலு கூடும்.

இங்கே பலர் ஒரு கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். அமுக்கத்தை 0.65 இலிருந்து 0.8 ஆக்கினால் வலு கால் பங்கு கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. டர்போ இல்லாமலே வளிமண்டலம் 1 பார் அமுக்கத்தைத் தருகிறது. அதையும் சேர்த்தால் 1.65 இலிருந்து 1.8க்குப் போகிறோம். வித்தியாசம் 9 வீதம். 135 குதிரை கணக்குப்படி 147 ஆகும். அதிலும் சூட்டுக்கு ஒரு பங்கைக் கழிக்கவேண்டும்.

சூடு என்று சொன்னதை இலேசாக எடுக்கவேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை அறிவோம். கொழும்பில் 30 பாகையில் இருக்கும் காற்றை 70 வீதத் திறனுள்ள டர்போ 0.65 பார் அமுக்கினால், அது கிட்டத்தட்ட 97 பாகைச் சூட்டில் வெளியே வரும். 1 பார் அமுக்கினால் 125 பாகை. சிறிய டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் திறன் இறங்கி, அதே 1 பாருக்கு 140 பாகை வரை போகும். இந்தச் சூட்டைத் தணிப்பதற்குத்தான் இன்டர்கூலர். ஸ்டார்லட்டில் அது எஞ்சினின் தலைக்கு மேலேயே இருக்கிறது. பொனட்டில் உள்ள வாயால் காற்று வரும்வரை நல்லது. மருதானைச் சந்தியில் அரை மணித்தியாலம் நெரிசலில் நின்றால் அந்த இன்டர்கூலரே ஒரு அடுப்பு.

சூடான காற்றோடு பெற்றோல் சேர்ந்தால், பிளக் கொடுத்த நெருப்பு பரவி வந்து சேரும்வரை காத்திராமல் தானாகவே வெடிக்கும். இதைத்தான் பாஸ்மார் நொக்கிங் என்கிறார்கள். சில வினாடி நொக்கிங் போதும், பிஸ்டனின் ரிங் காடி உடைவதற்கு. டர்போவில் மிச்சம் பிடித்த காசு முழு எஞ்சினாகத் திரும்பிப் போவது இந்த வழியாலேதான்.

மூன்று வழிகள்

குறைந்த செலவு என்று வருபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கிற சீ.ரீ. 9ஐக் கழற்றி, பேரிங்கும் சீலும் மாற்றிப் புதுப்பித்து, அமுக்கத்தைச் சற்று உயர்த்துவது ஒன்று. அதே சீ.ரீ. 9இன் கூட்டை லேத்தில் குடைந்து, உள்ளே பெரிய சில்லைப் போடுவது இரண்டாவது. இதை ஹைபிரிட் என்கிறார்கள். மூன்றாவது, மிட்சுபிஷியின் ரீ.டீ. 04 போன்ற வேறொரு பாவித்த டர்போவை இடைப்பலகை போட்டுப் பூட்டுவது.

மூன்றாவது வழிக்குத்தான் ஆசை அதிகம். ரீ.டீ. 04 நல்ல டர்போ என்பதில் சந்தேகமில்லை. சுபாரு இம்பிரெஸாவிலும் வொல்வோவிலும் வந்திருக்கிறது. ஆனால் அது இரண்டு லீற்றரும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களைத் தள்ளப் போட்ட சாமான். 1.3 லீற்றர் எஞ்சினின் வாயு அதைச் சுற்றி எழுப்ப நேரமெடுக்கும். நாலாயிரம் சுற்றுக்குக் கீழே கார் முன்னரைவிடச் சோம்பலாகத்தான் ஓடும். நாளாந்தம் தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து போகிறவர் மூவாயிரம் சுற்றைத் தாண்டுவது எத்தனை முறை? கட்டுக்குருந்தை ஓடுபாதையில் போட்டிக்கு விடுபவரின் கணக்கு வேறு. கடைக்கும் வீட்டுக்கும் ஓடுபவர் காசு கொடுத்து காரை மெதுவாக்கிக்கொள்கிறார். இதை நான் வாடிக்கையாளர்களிடம் நேரே சொல்லி விடுவேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு, அது பரவாயில்லை.

என் அபிப்பிராயத்தில் கை கடிக்கும் பணத்தோடு வருபவருக்கு முதல் வழியே பொருத்தம். புதுப்பித்த சீ.ரீ. 9, காற்று ஒழுகாத குழாய்கள், உள்விட்டம் சற்றுக் கூடிய சைலன்சர் குழாய், 95 ஒக்டேன் பெற்றோல், 0.8 பாரைத் தொடாத அமுக்கம். இவ்வளவும் செய்து முடித்தால் கார் மாறியிருப்பது முதல் கியரிலேயே தெரியும். ஏனென்றால் இருபத்தைந்து வருடம் ஓடிய டர்போவிலும் குழாய்களிலும் ஏற்கனவே இழந்திருந்த வலு முதலில் திரும்பி வருகிறது. பலர் தேடிவரும் 'கூடுதல் வலு' என்பது உண்மையில் இதுதான்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது

இனி எமது வியாபாரத்துக்கு வருவோம். சீ.ரீ. 9 என்ற பெயரில் ஒரே ஒரு டர்போ இல்லை. டவுண்ஏஸ், லைட்ஏஸ் டீசல் வான்களின் எஞ்சினிலும் சீ.ரீ. 9 என்ற பெயரோடே டர்போ வருகிறது. இந்த வான்கள் நாட்டில் ஏராளம், ஆகவே அந்த டர்போவும் மலிவு. பெயரை மட்டும் கேட்டு வாங்கிப்போனால் பூட்டும்போதுதான் வாய் பொருந்தாதது தெரியும். பெஜரோ, டெலிக்கா டீசலில் வரும் ரீ.டீ. 04க்கும் இதே கதை. பெற்றோல் எஞ்சினின் வாயு முழு வலுவில் 900 பாகைக்கு மேல் சுடும். டீசலில் பொதுவாக அதைவிட நூறு, நூற்றைம்பது பாகை குறைவு. டீசலுக்கு வார்த்த கூட்டின் இரும்பு அந்தச் சூட்டுக்கென்றே செய்யப்பட்டது. பெற்றோல் காரில் போட்டால் நாளடைவில் வெடித்துவிடும். அத்தோடு பல டீசல் டர்போக்களில் தண்ணீர் ஓடும் வழியே இருக்காது, ஒயில் மட்டும்தான் குளிராக்குகிறது. எனவே பெயரைக் கேட்காமல், தகட்டில் அடித்திருக்கும் முழு இலக்கத்தை வாசித்துத்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும். தகடு கழற்றப்பட்டிருந்தால் அந்தச் சாமானைத் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பாவித்த டர்போவைக் கையால் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அதாவது விரலுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உந்து பேரிங் போய்விட்டது. பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது குற்றமல்ல, அந்தப் பேரிங் ஒயிலில் மிதந்து சுழல்வது. ஆனால் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு சுற்றும்போது சில்லு கூட்டில் உரசக்கூடாது. இதழ்களின் நுனியில் கடித்ததுபோல் பள்ளம் இருந்தால் ஏதோ கல்லோ நட்டோ உள்ளே போயிருக்கிறது. அப்படியான சில்லின் சமநிலை கெட்டிருக்கும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் சாமானில் சமநிலை கெட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஒயில் இல்லாமல் வெந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக, வேஸ்ட்கேட் கதவைத் திறந்து, அதன் துவாரத்துக்கும் பெரிய துவாரத்துக்கும் இடையில் உள்ள சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

ஒயில் குழாய்

டர்போ செத்துப்போகும் காரணங்களில் முதலிடம் ஒயிலுக்குத்தான். ஆனால் புதிய டர்போவைப் பூட்டும்போது பழைய ஒயில் குழாயையே திரும்பப் போடுவது எமது கராஜ்களில் சர்வசாதாரணம். மெல்லிய அந்தக் குழாயின் உட்புறம் பல வருடச் சூட்டில் கரி பிடித்து, ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். திரும்பி வரும் குழாய் இன்னும் முக்கியம். ஒயில் டர்போவுக்குள் அமுக்கத்தோடு போகிறது. வெளியே வருவது வெறும் பாரத்தால் வழிந்து மாத்திரமே. குழாய் எங்கேனும் வளைந்து மேலேறினாலோ, நசுங்கினாலோ ஒயில் தேங்கும். தேங்கிய ஒயில் சீலைத் தாண்டி சைலன்சருக்குள் போய் நீலப்புகையாக வரும்.

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் கடையில் வாங்கிய ஒரு டர்போ நான்கு நாளில் திரும்பி வந்தது. "புகை அடிக்குது நானா, சீல் இல்லாத சாமான் தந்திட்டீங்க" என்பது முறைப்பாடு. காசு திருப்பிக் கொடுக்க முன்னர், திரும்பி வரும் குழாயையும் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். கஸ்கட்டுக்குப் பதிலாக சிலிக்கோன் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். பிதுங்கிய பசை குழாயின் பாதி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து உரிய கஸ்கட் போட்டதும் அதே டர்போ புகையின்றி ஓடியது. அன்றிலிருந்து டர்போ விற்றால் இரண்டு கஸ்கட்டையும் பொதியோடு சேர்த்தே கட்டிக் கொடுக்கிறோம். விலை சில நூறு ரூபா. திரும்பி வரும் சாமான் குறைந்துவிட்டது.

பூட்டியவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை உறும விடுவது இன்னொரு கெட்ட பழக்கம். முதலில் டர்போவின் ஒயில் வாயில் கொஞ்சம் ஒயில் ஊற்ற வேண்டும். பிறகு நெருப்புக் கொடுக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை பார்க்க வேண்டும். புதிய ஒயில், புதிய ஃபில்டர் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பெற்றோலும் கம்பியூட்டரும்

டொயோட்டா கம்பியூட்டர் அமுக்கத்தை அளந்துகொண்டே இருக்கிறது. 0.8 பாரைத் தாண்டிச் சற்று மேலே போனதும் பெற்றோலை நிறுத்திவிடும். கார் யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல் குலுங்கும். எஞ்சினைக் காப்பதற்காக வைத்த பூட்டு அது. இந்தப் பூட்டை ஏமாற்றி, அமுக்கம் குறைவென்று பொய் சொல்லும் சிறிய பெட்டி ஒன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. கள்வன் வருகிறான் என்று குரைக்கும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப்போவது போன்ற வேலை இது. பெற்றோல் கூடாமல் காற்று மட்டும் கூடினால் நொக்கிங்குக்கு அழைப்பு அனுப்பியாயிற்று.

பெரிய டர்போ போட நினைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். முழு வலுவில் ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் பெற்றோல் தேவை. 135 குதிரைக்கு 810 மில்லிலீற்றர். 180 குதிரை வேண்டுமென்றால் 1080. மேலதிகமான அந்த 270 மில்லிலீற்றரை இன்ஜெக்டரும் பம்பும் தரவேண்டும். எப்போது, எவ்வளவு தருவது என்று கம்பியூட்டருக்கும் யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்குரிய கருவியும், அதைத் தெரிந்த ஆளின் கூலியும் டர்போவைவிடச் சிறிய தொகையல்ல.

ஆகவேதான் தலைப்பில் அப்படிப் போட்டேன். டொலரோடு விலை ஏறி இறங்குவதால் ரூபாவில் எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். ரீ.டீ. 04 ஒன்றை 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்கட், ஒயில், தண்ணீர்க் குழாய்களுக்கு 30. இடைப்பலகைக்கும் லேத் வேலைக்கும் சைலன்சர் குழாய்க்கும் 45. இன்ஜெக்டர், பம்புக்கு 50. கம்பியூட்டர் வேலைக்கு 90. அமுக்க மானிக்கும் காற்று, பெற்றோல் கலவையைக் காட்டும் மானிக்கும் 40. கூடிய வலுவுக்கு கிளச் தாங்காது, அதற்கு 40. கூலி 40. மொத்தம் 435. இது என் அனுபவத்தில் போடும் கணக்கு, கராஜுக்குக் கராஜ் கூடிக்குறையும். முதல் வழியை இதே அளவுகோலில் பார்த்தால் 150க்குள் முடித்துவிடலாம், அமுக்க மானி உட்பட. மானி இல்லாமல் அமுக்கத்தில் கை வைப்பது தராசு இல்லாமல் மிளகு விற்பது போன்றது.

இவ்வளவுக்கும் முன்னர் ஒரு செலவு இருக்கிறது, மிகச் சிறியது. நான்கு சிலிண்டரின் கம்பிரெஷனையும் அளந்து பார்ப்பது. ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவைப் பற்றிப் பேசாமல், இருக்கிற காசை எஞ்சினுக்குப் போடவேண்டும். கராஜ் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை இலவசமாகவே செய்து, அளவுகளைத் துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் எஞ்சின் கெட்டால் யார் பக்கம் தவறு என்ற வாய்த்தர்க்கம் வராது.

பில் எழுதும்போதும் 'டர்போ 1' என்று ஒற்றை வரியில் எழுதவேண்டாம். இலக்கம், பாவித்ததா புதுப்பித்ததா, தண்டு ஆட்டம் பார்த்துக் காட்டப்பட்டதா, கஸ்கட் கொடுக்கப்பட்டதா, திருப்பி எடுப்பது எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையில் என்று ஐந்து வரி எழுதுங்கள். சாமானில் குறை இருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள். குறையைச் சொல்லி விற்ற சாமான் திரும்பி வருவது அரிது.

முழு எஞ்சினையும் மாற்றியவர்கள் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளவேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள், விபத்தின் பின்னர் இதையே சாட்டாகக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடமிருக்கிறது. வருடாந்தம் புகைப் பரிசோதனையும் இருப்பதால் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை வெட்டி எறியச் சொல்லும் பாஸின் பேச்சைக் கேட்கவேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வழியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. கழற்றிய பழைய சீ.ரீ. 9ஐ அன்றே விற்றுவிடாதீர்கள். ஹைபிரிட்டுக்கும் வேறொரு கூட்டைத் தேடிப் பிடித்துக் குடையச் சொல்லுங்கள். வாய்களைத் துணியால் அடைத்து, கொஞ்சம் ஒயில் தடவி, பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாளில், வாங்க வருகிறவர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது அந்தப் பழைய டர்போவைத்தான்.